மூன்றாவது பட்டை

ஜூன் 3, செவ்வாய்

தேதியைப் போனே போட்டுக்கொள்கிறது. நான் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போதும், எழுத்து தானாக விழுகிறது. விழுவது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. யேசுராஜ் என்று என் பேரைக்கூட எழுதத் தெரியாதவன் நான். மருமகள் கிளாராதான் இதைச் சொல்லிக் கொடுத்தாள். "சொன்னதையே எங்க கிட்ட சொல்றீங்க மாமா. இது கிட்ட சொல்லுங்க, இது சலிச்சிக்காது" என்றாள்.

இன்று பெங்களூரிலிருந்து சுப்பராயன் என்ற கடைக்காரர் வந்தார். மலை ஏறிக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையாம். என் மகன் நிர்மல் வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அவன் வேலை பார்த்த கார் சீட் கம்பெனியில் லைனை மூடிய பிறகு. முழங்கை நீளக் கத்தி ஒன்றை அவர் கையில் கொடுத்தான். அவர் இரண்டே கேள்வி கேட்டார். என்ன இரும்பு? எந்த ஊர்?

முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். லாரி கமான் பட்டை, சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற வில் பட்டை. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் நாற்பது வருஷம் லாரிக்குக் கமான் கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா. பளபளவென்று கடையில் தொங்குகிற கத்தி துருப்பிடிக்காது, ஆனால் நாலு இளநீர் வெட்டினால் வாய் மடங்கிவிடும். கமான் பட்டை கறுப்பு. எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும். ஆனால் கூர் நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கு நிர்மல் வாயைத் திறப்பதற்குள் அவர் எங்களிடம் உலை வேலை பார்க்கிற நம்பிராஜனைப் பார்த்து, தெக்கத்தி ஆளா என்று கேட்டார். அரிவாளுக்குப் பேர்போன ஊராச்சே, கத்தியில் திருப்பாச்சேத்தி என்று அடித்துக் கொடுத்தால் ஒன்றரை மடங்கு விலை, இருநூறு கத்தி எடுக்கிறேன், உங்க ஊர் பென்னலூர் என்று போட்டால் எவன் வாங்குவான் என்றார். நிர்மல் சரி என்று சொல்லிவிட்டான்.

நம்பிராஜனுக்கு வள்ளியூர் பக்கம். திருப்பாச்சேத்தியை பஸ் போர்டில் படித்ததோடு சரி என்று அப்புறம் சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை அது.

ஜூன் 6, வெள்ளி

பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பட்டை பொறுக்கி வந்தேன். அது என் வேலை. பட்டையைத் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்லது என்றால் ணங்ங் என்று நீளமாகப் போகும். உள்ளே கீறல் இருந்தால் டொக் என்று நின்றுவிடும். கீறல் விழுந்த பட்டை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் முதலாளியே, யேசுராஜு தட்டிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் லாரியை அனுப்புவார்.

பதினாலு பட்டை எடுத்தேன். ரோட்டில் கம்பெனி பஸ் ஆரன் ஓயவே இல்லை. மூன்றாவது பட்டையை மட்டும் இரண்டு தடவை தட்டினேன். முனையில் நீலப் பெயிண்ட் அடித்த பட்டை.

ஜூன் 11, புதன்

கத்தியில் ஊர்ப் பேர் அடிக்கிற முத்திரை வந்துவிட்டது. நீளமான பேர். விரலால் தடவினால் கோழி நடந்துபோன மாதிரி இருக்கிறது.

நீலப் பெயிண்ட் பட்டையில் அடித்த முதல் கத்தியை ஒரகடம் கூட்டு ரோட்டில் இளநீர் விற்கிற பேச்சியிடம் கொடுத்தோம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது காய் சீவுகிற கை அது. அந்தக் கை சரி என்றால் எந்தக் காட்டுக்கும் அனுப்பலாம்.

ஜூன் 14, சனி

பேச்சி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் துணி சுற்றி, கத்தி இரண்டு துண்டாக. ஷிப்ட் விடுகிற நேரம், சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஓங்கி வெட்டும்போது பிடிக்கு நாலு விரல் மேலே ஒடிந்து, நுனி பறந்துபோய்க் குடைக் கம்பியில் பட்டு விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் முன்கையில் மட்டும் தோல் சீவியிருந்தது.

அவளும் தெக்கத்திக்காரிதான், இருபது வருஷத்தில் எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டது. "இன்னா நிர்மலு, திருப்பாச்சேத்தின்ன? முறுக்கு மாதிரி ஒடையுது? ஒரு முழம் இப்பிடி வந்திருந்தா என் பையனுக்கு நான் போட்டோவுலர்ந்துதான் சோறு போட்டிருக்கணும்" என்றாள்.

அவள் போன பிறகு நம்பிராஜனைப் பிடித்துக்கொண்டான். சூடு ஏற்றியது நீ, எண்ணெயில் முக்கியது நீ, பதம் பார்த்தது நீ, அப்புறம் எப்படி ஒடியும் என்று கேட்டான். நம்பிராஜன் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினான்.

இரண்டு பேரும் போனதும் நான் அந்தத் துண்டை எடுத்தேன். ஒடிந்த இடத்தைப் பார்த்தேன். பாதி வெள்ளி மாதிரி மின்னுகிறது, அது அன்றைக்கு ஒடிந்தது. மீதிப் பாதி கறுப்பு. உலைக்குப் போவதற்கு முன்பே உள்ளே இருந்த கீறல், நெருப்பில் கறுத்திருக்கிறது.

பதம் தப்பவில்லை. பட்டைதான் தப்பு. பட்டையைப் பொறுக்கினது யாரு?

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாட்டுக்காரர்கள் எனக்கு வலப்பக்கம். பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்டது, கிட்டத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது. மைக் கெட்டுப் போச்சா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். போனை இடது காதில் வைக்கப் பழகிவிட்டேன், யாருக்கும் தெரியாது. ஆனால் சுத்தியலை வலது கையில் பிடித்துத் தட்டும்போது தலை தானாக வலப்பக்கம் சாயும். நாற்பது வருஷப் பழக்கம். அந்த மூன்றாவது பட்டைக்குச் சத்தம் குட்டையாகத்தான் கேட்டது. பஸ் ஆரன்னு நெனச்சேன். இல்ல — நெனச்சிக்கினேன். ரெண்டாவது தடவ தட்டினப்பவும் குட்டைதான். பட்டையா, காதான்னு தெரில, இடது காத வெச்சிப் பாக்க வெக்கம். எடுத்து வண்டியில போட்டேன். இவ்ளோ வருஷம் தட்டினவனுக்குக் காது போச்சுன்னு கடைக்காரன் முன்னாடி எப்பிடி நிக்கறது?

நம்பிராஜனை மாதக் கடைசியோடு நிறுத்திவிடப் போகிறானாம் நிர்மல். போன மாதம்தான் அந்தப் பையன் பெண்டாட்டி பூமாரியை ஊரிலிருந்து கூட்டிவந்து தெருக்கோடியில் ரூம் எடுத்திருக்கிறான். அவளுக்கு ஐந்து மாதம்.

வாயத் தொறந்தா பட்டறையில எனக்கு இன்னா வேல இருக்கு? தின்னுட்டுப் படுக்கறதா?

ஜூன் 16, திங்கள்

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் கிளாரா டீ வைத்தாள். போகாமல் நின்றாள். "நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றாள்.

இன்னாத்த சொல்றது என்று கேட்க நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. போன் ராத்திரி பகலாக டேபிள் மேல்தான் கிடக்கிறது. நான் பேசினது எல்லாம் எழுத்தாக இருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியாது, வூட்டில் மற்ற எல்லாருக்கும் தெரியும். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். நிர்மல், நம்பிராஜன் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒடிந்த துண்டை எடுத்துக் கறுத்த பாதியை நிர்மலுக்குக் காட்டினேன். இது உலைக்கு முந்தின கீறல், நான் பார்த்து எடுத்த பட்டை, என் வலது காது போன மழைக்காலத்திலேயே போய்விட்டது, சொல்லாமல் மறைத்தேன் என்றேன்.

நிர்மல் துண்டை வாங்கிக் கறுப்பை நகத்தால் சுரண்டினான். "ஏம்ப்பா, எட்டுப் பேர் நின்னுகினு இருந்தாங்கப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அடித்திருந்தால் தேவலை.

நான் நம்பிராஜனைப் பார்த்தேன். அவன் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "எனக்குத் தெரியும்யா. துண்டைப் பாத்த அன்னைக்கே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

நிர்மல் அவனிடம் நேராக, தப்பு என் பேர்ல, நீ இருக்கணும் என்றான். இருக்கிறேன், ஆனால் ஒன்று கேட்பேன் என்றான் நம்பிராஜன். முத்திரையை எடுத்துக் காட்டினான். "இந்தப் பேரு வேண்டாம்ணே. அது எங்க ஊரும் இல்ல, உங்க ஊரும் இல்ல. நாம ஒடிக்கிறதுக்கு அந்த ஊருக்காரன் என்ன பாவம் பண்ணுனான்?"

ஜூன் 18, புதன்

நிர்மல் பேச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தான். நானும் போனேன். அவள் எனக்கு ஒரு காய் சீவிக் கொடுத்தாள், பழைய கத்தியால். "இந்தாண்ட காதுல சொல்லட்டா, அந்தாண்ட காதுலயா பெரியவரே?" என்று கேட்டாள். கிளாரா எத்தனை பேருக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

மீதிப் பதிமூன்று பட்டையையும் வெளியே இழுத்துப் போட்டேன். நான் வேலை பார்த்த கமான் பட்டறையில் கண்ணப்பன் என்று காது கேட்காத ஒருவன் இருந்தான். அவன் தட்ட மாட்டான். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரம் போகத் துடைத்து, மேலே பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி தேய்ப்பான். கீறலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் மயிர் மாதிரி ஒரு கோடு வரும். அவனை நாங்கள் வாத்தியார், வாத்தியார் என்று கேலி செய்வோம். நான்தான் ரொம்ப.

ஜூன் 28, சனி

பெங்களூர்க்காரரிடம் நிர்மல் போனில் சொல்லிவிட்டான். பென்னலூர், லாரி கமான் பட்டை, இஷ்டம் இருந்தால் எடுங்கள் என்று. அவர் இருநூறை முப்பது ஆக்கினார், விலையையும் இறக்கினார். நிர்மல் சரி என்றான். அன்றைக்குச் சொன்ன சரி வேறு, இது வேறு.

ஜூலை 9, புதன்

புது முத்திரையைத் தடவிப் பார்த்தேன். முன்னாடி இருந்ததைவிடக் குட்டை. நம்பிராஜன் என் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து, இது 'பெ' என்றான். போதும்டா என்று கையை இழுத்துக்கொண்டேன். வேலை கிடக்கிறது.

பேச்சிக்குப் புதுக் கத்தி போய் ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்கு ஆள் அனுப்பி இன்னொன்று கேட்டாள், தங்கச்சிக்காம்.

பழைய இரும்புக் கடையில் சாக்கட்டியோடு உட்கார்ந்தால் கடைக்காரன் பார்த்துச் சிரிக்கிறான். இன்னா யேசுராஜு, பள்ளிக்கூடம் சேர்ந்துட்டியா என்கிறான். இடப்பக்கம் நின்று சொன்னதால் நன்றாகவே கேட்டது.

இன்று பதினொரு பட்டை. இரண்டில் கோடு. தள்ளி வைத்தேன்.