இரும்பு இறங்காத துறைமுகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம். கடை நலம். அம்மா பத்துப் புள்ளி இரண்டு. இது என்ன புதுக் கணக்கு என்று புருவத்தைத் தூக்காதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள். கப்பல் ஆடினால் எதையாவது பிடித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சட்டச் சிக்கல். இதைப் பற்றி உங்களிடம் போனில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில்தானே. கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆகவே சத்தியம் கீறல் படாமல் இருக்கிறது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மாதாமாதம் ரத்தம் நிறையப் போய், நான்கு மாதம் முன்பு இரண்டு படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டால்தான் நான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மாவிடம் இருந்தது ஏழு புள்ளி இரண்டு. டீ குடிக்க வரும் பஸ் பணிமனை டிரைவர்களையெல்லாம் ஒரு பார்வையில் வரிசையில் நிறுத்துகிற இரும்பு மனுஷிக்கு இரும்புச் சத்துக் குறைவாம். ரத்தப்போக்கு குறைய ஒரு வெள்ளை மாத்திரை, இரும்புக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தார்.

அம்மா ஒரு நாள்கூட விடவில்லை. மறக்காமல் இருக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள். கடையில் டீ கொதித்து இறக்குகிற ஒவ்வொரு கொதிக்கும் அவள் சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளாஸில் ஊற்றுவாள், உங்களுக்குத் தெரியும். உலகமே கவிழ்ந்தாலும் அதை மட்டும் மறக்க மாட்டாள். அதனால் காலையில் முதல் கொதியோடு மாத்திரையைக் கோத்துவிட்டாள். வாயில் போட்டு, டீயை ஊற்றி, விழுங்கிவிட்டு அடுத்த வேலை.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஏழு புள்ளி நான்கு. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “நிஜமாவே சாப்பிடுறீங்களா, இல்ல ஜன்னல் வழியா எறியுறீங்களா?” என்று கேட்டார். அம்மா அடுத்த நாள் முதல் காலி மாத்திரை அட்டைகளை ஒரு பையில் சேர்க்க ஆரம்பித்தாள். ஏமாற்றி மார்க் வாங்கியதாகச் சொன்னால் எனக்கு வருமே ஒரு கோபம், அந்த முகம் அப்பா. நான் சில சமயம் ஏமாற்றியும் இருக்கிறேன். அம்மா எதிலுமே ஏமாற்றியதில்லை.

இனி என் வீரப்பிரதாபம். பக்கத்துக் கடைக் கடிகார மாமாவை உங்களுக்குத் தெரியும். “இது டீயா, டீ பக்கத்து வீட்டுல இருந்த தண்ணியா?” என்று தினமும் கேட்பாரே, அவர்தான். அவருக்கு ஒரு பாடம் கற்பிக்க நினைத்தேன். சிவப்பு மாத்திரையைப் பொடித்துப் போட்டால் டீ ரத்தச் சிவப்பாக மாறும், மாமா அலறுவார் என்பது என் விஞ்ஞானம். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு மாத்திரையைச் சுட்டு, நசுக்கி, பால் இல்லாத டீயில் கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன்.

சிவக்கவில்லை. கறுத்தது. நான் கலக்கக் கலக்க மை மாதிரி கறுத்தது. மாமா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, அந்தமட்டும் புத்திசாலி. தீக்குச்சியை அதில் தோய்த்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதிக் காட்டி, “இன்னைக்குத்தாம்மா டீ ஸ்ட்ராங்கா இருக்கு” என்றார்.

அதற்குள் ஒரு மாத்திரை குறைவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அட்டையும் கையுமாக வந்தவள், “எங்கடீ மாத்திரை?” என்றாள். (நமக்குக் கடையிலும் டீ, என்னைக் கூப்பிடுவதிலும் டீ.) முதுகில் ஒன்று விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அவள் கை பாதியில் நின்று, கண் அந்தக் கிளாஸுக்குப் போனது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸுக்குள் இப்படி ஆகிறது என்றால் வயிற்றுக்குள் என்ன ஆகும்?

மறுநாளே பிளாஸ்க்கில் டீ, ஒரு கண்ணாடி கிளாஸ், ஒரு மாத்திரை, காலி அட்டைப் பை எல்லாவற்றோடும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். நான் கலக்கினேன். கறுத்தது. “எதோட முழுங்குறீங்க?” என்று கேட்டார். “டீயோடதான். வேற எதோட?” என்றாள் அம்மா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இதை நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என்னோடது” என்றார்.

உங்கள் பாஷையில் சொல்கிறேன் கேளுங்கள். இரைப்பை தாண்டியதும் சிறுகுடலின் முதல் நீட்டுதான் இரும்பு இறங்க வேண்டிய துறைமுகம். அங்கே பூந்துவாலையின் நூல் வளையங்கள் மாதிரி லட்சக்கணக்கில் சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். சத்து வர வர இழுத்து ரத்தத்தில் ஏற்றுவது அவற்றின் வேலை. அம்மாவின் துறைமுகத்தில் ஒரு குறையும் இல்லை. வந்த இரும்பைத்தான் டீயில் இருக்கிற துவர்ப்பு வழியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டது. கட்டிப்பிடித்த சரக்கை அந்த விரல்களால் பிரித்து எடுக்க முடியாது. பெரும்பாலும் இறங்காமலேயே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டது. அது எந்தத் துறைமுகம் என்று எழுதினால் அம்மா மிச்சம் வைத்த அடியையும் கொடுத்துவிடுவாள். நீங்கள் கடலைப் பாருங்கள், இனி குடலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கூடாது, ஆரஞ்சுச் சாறோடு விழுங்கினால் இரும்பு சுலபமாக இறங்கும் என்றார். டீக்கடைக்காரியிடம் டீ கூடாது என்பது உங்களிடம் தண்ணீரைப் பார்க்காதே என்பது மாதிரி. ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நடுவே மூன்று மணிக்கு மாத்திரை. மணி பார்க்கும் பொறுப்பைக் கடிகார மாமா ஏற்றார். டாண் என்று ஒரு மணிக்கு அங்கிருந்தே, “அக்கா, டம்ளர்” என்று குரல் கொடுப்பார்.

பள்ளி விடுமுறை என்பதால் ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது. இரண்டே நாளில் டிரைவர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். அம்மா என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கொதி ஆவியில் முகத்தைக் காட்டி, கரண்டியின் விளிம்பில் நிறத்தைப் பார்த்து ஊற்ற ஆரம்பித்தாள். குடிக்காமலே அப்பா. ஒரு சொட்டு நாக்கில் படாமல். கடிகார மாமா முழு கிளாஸையும் குடித்துவிட்டுக் குறை சொல்ல வாய் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பத்து வாரம் அப்படித்தான் ஓட்டினாள். ஒரு நாள்கூட வழுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. பத்துப் புள்ளி இரண்டு. அம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். “கறுப்பு டீயைக் கண்டுபிடிச்சது யாருன்னு சொன்னீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா, “என் பொண்ணு. வாலுன்னுதான் கூப்பிடுறது. வேலை பார்த்தது தலை” என்றாள். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்த பிறகு உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். பயமே இல்லையாம். நேற்றே ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிவிட்டாள். அவள் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். இரண்டு புடவை, சீப்பு, ஒரு துவாலை, அடியில் உங்கள் நீலக் கோட்டுச் சட்டை. அதை எதற்கு எடுத்து வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பயம் இல்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

கடைசி அட்டையில் ஒரு மாத்திரை உடைந்திருந்தது, தூக்கிப் போடு என்றாள். போடவில்லை. கீழே உள்ள வரியை அதையும் டீயையும் கலந்த மையில் எழுதுகிறேன். தாளில் மெல்லிசாக இழுப்பதால் எழுதும்போது வெளிறித்தான் இருக்கிறது. காற்றுப் படப் பட நன்றாகக் கறுக்கும், கழுவினாலும் சுலபத்தில் போகாது. உங்கள் கைக்கு வரும்போது தெளிவாகத் தெரியும்.

இருபதாம் தேதிக்குள் வந்துவிடுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்,
வாலு