ஞானதாஸ் மாமாவின் பெயர் அட்டை

ஞாயிறு, இரவு

எங்கள் சபையின் ஜெபப் பட்டியல் செயலியை எழுதியவன் நான்தான். சுகமில்லாத ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு பெயர் அட்டை உண்டு. சபையின் பழைய டேப்லெட்டில் அது திணறியதால், பட்டியலில் ஒருவரின் வரிசை எண் மாறினால் மட்டும் அவர் அட்டையைத் திரையில் மறுபடி வரையும்படி எழுதிவைத்தேன். வேகம் வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த ஞானதாஸ் மாமாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். அன்றே அவருடைய நிலையை 'மறைந்தார்' என்று மாற்றினேன். அப்படி மாற்றினால் அட்டை திரையிலிருந்து போய்விட வேண்டும். ஆனால் எண் மாறவில்லை. அதனால் வியாழன் முதல் திறந்தே கிடந்த டேப்லெட்டில் பழைய அட்டை அப்படியே நின்றது.

இன்று ஆராதனை நடத்த மயிலாடியிலிருந்து வந்த போதகருக்கு இது எதுவும் தெரியாது. டேப்லெட்டைப் பார்த்து, "ஞானதாஸுக்குப் பூரண சுகம் தாரும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். பழக்கத்தில் பலர் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வாசலில் ஞானதாஸ் மாமாவின் மனைவி ரோஸ்லெட் மாமியிடம், தப்பு என்னுடையது என்றேன்.

"போட்டும் மக்களே. அந்தப் பேர வாசிச்சப்போ, மாமா ஆஸ்பத்திரியிலதான் கெடக்காவன்னு ஒரு நிமிசம் இருந்துச்சு," என்றார்.

வீட்டுக்கு வந்து திருத்தினேன். இப்போது செயலி எண்ணோடு நிலையையும் ஒப்பிடுகிறது. ஒரே ஒரு வரிதான். சோதனைப் பிரதியில் அவர் பெயரை வைத்தே பார்த்தேன். 'சிகிச்சையில்' என்று போட்டு, 'மறைந்தார்' என்று மாற்றியதும் அட்டை போய்விட்டது. நம்பிக்கை வராமல் ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் போனார்.

ஆறாவது முறை 'சிகிச்சையில்' என்று போட்டேன். மாற்ற மனசு வரவில்லை. அப்படியே மூடிவைத்துவிட்டேன்.