காய் வெந்த தண்ணீர்

என் செல்ல அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். நீ காய்ச்சலில் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். அதனால் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குச் சைக்கிளிலேயே போய் வந்த மனுஷன், இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பாலத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறார்.

நீ காலேஜில் ஊட்டச்சத்து எடுத்தபோது அப்பா கேலி செய்தாரே, ஞாபகம் இருக்கிறதா? “சாம்பார் வைக்கறதுக்கு ஒரு டிகிரியாடி?”

“சாம்பார் வைக்க அம்மா இருக்காங்கப்பா. அதை யாருக்கு ஊத்தக் கூடாதுன்னு படிக்கப் போறேன்” என்றாய். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சமையல்தான் படிக்கிறாய் என்று நானும் நினைத்திருந்தேன். நீயோ முதல் வருஷம் வேதியியலோடு மல்லுக்கட்டினாய். அப்புறம் சிறுநீரகம், கல்லீரல், இதயம். கடைசி வருஷம் ஆஸ்பத்திரி வார்டுக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டு என்று நீ சத்தமாகப் படித்ததைக் கேட்டே பாதி எனக்கு மனப்பாடம்.

அப்பாவின் சிறுநீரகம் கெட்டது தெரிந்ததும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாய். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காயில் இருக்கிற பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். அப்பாவின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத்தைப் பிடிக்கும். அம்மா இன்றுவரை அப்படித்தான் வேகவைக்கிறாள். இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் கொடுக்கிறாள்.

ஆனாலும் போன தடவை ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கத்தினார். “பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கு, என்னம்மா குடுக்குறீங்க? இன்னொரு தடவை இப்படி வந்தா ஹார்ட் நின்னுடும்.”

“எல்லாம் பெரியவ சொன்னபடிதாங்க டாக்டர் செய்யறேன்” என்று அம்மா அழுதாள். உன்னைப் பற்றி அவள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கிருந்து ஏறுகிறது? இன்றைக்குச் சாயங்காலம் பார்த்துவிட்டேன் அக்கா. முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்த தண்ணீரை அம்மா வடித்தாள். கொட்டவில்லை. அப்படியே ரசச் சட்டியில் ஊற்றினாள்.

“அதையாம்மா ஊத்துற?”

“பின்ன? காயைத்தான் சக்கையாக்கிக் குடுக்கறோம். சத்து அத்தனையும் இதுலதான்டி இருக்கு. அந்த மனுஷன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு, கீழ கொட்ட மனசு வருமா?”

சாப்பிடும்போது, “ரசம் வேணாம்ப்பா, மோர் போட்டுக்கோங்க” என்று மட்டும் சொன்னேன்.

“போடி. உங்கம்மா ரசத்துலதான் என் உசுரே ஓடுது” என்று அப்பா சோற்றில் இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார். அம்மாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வேன்? சொன்னால், தன் கையாலேயே அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றுதானே நினைப்பாள்? உன்னைப் பறிகொடுத்தவள். இதையும் தாங்குவாளா?

படுக்கும்போது அப்பா காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றார். “மரத்துப் போன மாதிரி இருக்குடி, காலையில சரியாயிடும்.” சரியாகுமா அக்கா? பொட்டாசியம் ஏறினால் முதலில் கால்தான் துவளும் என்று நீ படித்தது இதைத்தானா? அவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் அம்மாவிடம் நீயே பேசியிருப்பாய். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்றுகூட உங்களுக்கு வகுப்பு இருந்ததே. எனக்கு அது தெரியாது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூடத் தெரியாது.

காலைவரை காத்திருக்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது அப்பா தூக்கத்தில் முனகுகிறார். இல்லை அக்கா, காத்திருக்கமாட்டேன். அம்மாவை எழுப்பப் போகிறேன். முதலில் ஆட்டோவைக் கூப்பிடச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ரசத்தைப் பற்றி டாக்டரிடம் நானே சொல்வேன். அம்மா உடைந்து போனால் அவளைப் பிடித்துக்கொள்வேன். அவள் கையை விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்குப் பிறகு இந்த வீட்டில் மிச்சமிருக்கும்
உன் தங்கச்சி