ருக்ஸானாவின் போனில் சத்தம் வரவில்லை

ஏர்வாடி
12.12.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு சுலைகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமி, உங்கள் தங்கை ருக்ஸானா, நான் மூவரும் அல்லாஹ் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

நம் தெரு கபீர் காக்கா நேற்று சார்ஜாவிலிருந்து வந்து, நீங்கள் கொடுத்துவிட்ட காது மிஷினைத் தந்தார். மாட்டியதும் முதலில் கேட்டது அடுப்படியில் எண்ணெய் பொரிகிற சத்தம். யா அல்லாஹ், மீன் பொரிக்க இவ்வளவு சத்தமா! பழைய மிஷினில் எல்லாமே ஒரே இரைச்சல். இதில் மாமி முணுமுணுக்கிறதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அது மட்டும்தான் கொஞ்சம் தொந்தரவு.

ஆனால் எதற்காக வாங்கினீர்களோ அது நடக்கவில்லை. நீங்கள் போனில் பேசினால் நேராக என் காதுக்குள் வரும் என்றீர்களே, என் போனில் அந்த மிஷினின் பேரே வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் நீங்கள் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. மெசேஜ் எழுதலாம் என்றால், என் போன் இந்த வீட்டுக்கே பொதுப் போன்; நான் வாசிக்குமுன் ருக்ஸானா வாசித்துவிடுவாள். நமக்குப் பழையபடி காகிதமும் ஊருக்குப் போய் வருகிறவர்களும்தான்.

நோன்புப் பெருநாளுக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்று போன லீவில் வாசலில் நின்று சொன்னீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும், மச்சான். வேறு ஆசை இல்லை.

உங்கள்
சுலைகா

*

சார்ஜா
30.12.2024

அன்பு சுலைகாவுக்கு உன் மச்சான் காஜா நவாஸ் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். மிஷினில் குறை இல்லையாம். அதில் இருப்பது புது வகை புளூடூத்தாம், உன் போன் பழசாம். ருக்ஸானாவுக்கு நான் அனுப்பிய புதுப் போனில் அது இருக்கிறது என்கிறான். ராமநாதபுரத்துக்கு அதைக் கொண்டுபோய் யாரையாவது விட்டு இணைத்துப் பார். கொஞ்சம் பொறுமையாக இரு. இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்.

பெருநாளுக்கு இன்ஷா அல்லாஹ். உம்மாவின் சுகர் மாத்திரையை மறக்காதே.

அன்புடன்
காஜா நவாஸ்

*

ஏர்வாடி
19.01.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ருக்ஸானாவைக் கெஞ்சிக் கூத்தாடி ராமநாதபுரம் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற வேல்சாமி அண்ணன் அவள் போனில் மிஷினின் பேரைக் கொண்டுவந்துவிட்டார். அவர் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். காதில் ஒன்றும் வரவில்லை. அரை நாள் போராடியும் வரவில்லை.

"புதுப் போனுங்கிறீங்க, அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டேன். சிரிக்கிறார். "இந்த மாதிரி மிஷினு ஊருல பெருகட்டும், அப்புறம் பாப்போம்ங்கிறான் போன்காரன். போனு பெருகட்டும்ங்கிறான் மிஷின்காரன். ரெண்டு பேரும் அடுத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறான். அட்டையில மட்டும் எல்லாம் வேல செய்யும்னு போட்டுர்றான். இதுல பாதி வசதிதான் தெறந்து விட்டுருக்கான் தங்கச்சி. மீதி எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது."

ருக்ஸானாவுக்கு என்மேல் கோபம். கடைக்குப் போய் வந்ததிலிருந்து அவள் போனில் சில நேரம் சத்தமே வருவதில்லையாம். என் ராசி என்கிறாள். போகட்டும். மிஷின் எக்கேடு கெட்டாலும், பெருநாளைக்கு நீங்களே வந்துவிட்டால் போன் எதற்கு?

உங்கள்
சுலைகா

*

சார்ஜா
08.02.2025

அன்பு சுலைகாவுக்கு, ஸலாம்.

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. கம்பெனி என்னை விடமாட்டேன் என்கிறது. மேனேஜரிடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். என் கையில் என்ன இருக்கிறது? எனக்கு மட்டும் இங்கே கிடக்க ஆசையா? அடுத்த பெருநாளுக்குப் பார்ப்போம். ஊருக்கு வருகிற சஃபீரிடம் உனக்கு இரண்டு சேலை கொடுத்துவிட்டிருக்கிறேன்.

அன்புடன்
காஜா நவாஸ்

*

ஏர்வாடி
21.02.2025

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சேலை வந்தது. உங்கள் காகிதமும் வந்தது. ஆனால் அதற்கு முன்பே உங்கள் குரல் வந்துவிட்டது.

வேல்சாமி அண்ணன் சொன்ன பாதி வசதி எது என்று அப்புறம்தான் தெரிந்தது. கடையில் இணைத்தது அறுபடவே இல்லை; அந்தப் போனில் கூப்பிட்டுப் பேசுவது வராது, போட்டுக் கேட்கிற பாட்டும் வாய்ஸ் மெசேஜும் மிஷினுக்கு வரும். ஒருநாள் அடுப்படியில் நின்றபோது காதுக்குள் சினிமாப் பாட்டு. மிஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று சிரித்தேன். எட்டிப் பார்த்தால், கூடத்தில் ருக்ஸானா போனைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லிவிடத்தான் இருந்தேன்.

மறுநாள் நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ருக்ஸானா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். மாப்பிள்ள வீட்டுல மாடியோட வீடு கேக்குறாக, என்ன செய்யச் சொல்ற? உன் மதினிகிட்ட மூச்சு விட்டுறாத. கம்பெனி விடலன்னு நான் எழுதிக்கிறேன். அந்த மிஷின நோண்டிக்கிட்டுக் கொஞ்ச நாளு கெடக்கட்டும்." சத்தம் வரவில்லை என்று அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். அத்தனை தடவையும் நான்தான் கேட்டேன்.

எவ்வளவு தெளிவான குரல், மச்சான்! பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருந்தது. நல்ல மிஷின்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

தங்கைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். நான் மறுத்திருப்பேனா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், போய்ச் சம்பாதியுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். வீடு முடியட்டும், வருகிறேன் என்கிறீர்கள். நீங்கள் வரட்டும், வாழலாம் என்று நான் இந்த அடுப்படியில் நிற்கிறேன். கெடக்கட்டும் என்று சொன்னீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ருக்ஸானாவிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. அவள் போன் அப்படியேதான் இருக்கிறது. என்னிடம் சொல்ல ஒரு உண்மை இருந்தால், அவள் போனுக்கே பேசி அனுப்புங்கள். அவள் சத்தம் வரவில்லை என்று திட்டட்டும். எனக்குக் கேட்கும். பெருநாள் வரைக்கும் மிஷினைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று. இந்த வீட்டுக்குள் இருந்தால்தான் அது கேட்கிறது. கொல்லை வாசலைத் தாண்டினால் அறுந்துவிடுகிறது. பெருநாள் தொழுகை முடிந்ததும் நான் பெரியபட்டினத்துக்கு என் உம்மா வீட்டுக்குப் போகிறேன். அதற்கப்புறம் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நீங்கள் நேரில்தான் வர வேண்டும்.

சுலைகா