மீசைக் கோப்பை

3-6-1991

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. நான் வரச் சொன்னது உன்னை.

பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா என்று இரண்டு கடிதம் எழுதினேன். வந்திருப்பது உங்கள் கம்பெனி தபாலில் விற்கும், பாட்டரியில் தானே சுழலும் கரண்டி. "கை நடுங்குபவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்" என்று அட்டையில் போட்டிருக்கிறது. எழுதியது நீதான் என்று நடையே சொல்கிறது.

அப்பாவுக்குக் கை நடுங்கவில்லை. வாதம் வந்ததிலிருந்து ஒரு கை அசைவதே இல்லை. மற்றக் கையால் கரண்டியை வாங்கிப் பொத்தானை அமுக்கினார். அது மீசையைச் சுற்றிக்கொண்டது. கத்தரிக்கோல் வைக்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டியபோது ஒரு நாளும் குறையாத மீசை, இப்போது ஒரு பக்கம் அரை அங்குலம் குட்டை. கரண்டியை நான்தான் கண்டுபிடித்த மாதிரி, இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்க மறுக்கிறார்.

போன மாதம் அனுப்பிய விசிறித் தொப்பியும் வாழைப்பழம் நறுக்கும் கருவியும் அலமாரி மேல் கிடக்கின்றன. நம் வீட்டில் கத்தி இருக்கிறது. இனி சாமான் வேண்டாம்.

அக்கா

10-6-1991

கோபக்கார அக்காவுக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. முதலாளியிடம் சொன்னேன். "மீசைக்காரங்க வாங்க வேண்டாம்னு அட்டையில ஒரு வரி சேர்த்துடுப்பா" என்றார்.

அந்த வரிக்காகப் பழைய புத்தகங்களைப் புரட்டியபோது ஒன்று கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஆண்கள் மீசைக்கு மெழுகு தடவி முறுக்கி வைப்பார்களாம். சூடான டீ பட்டால் மெழுகு உருகிவிடும். அதற்கென்றே ஒரு கோப்பை செய்தார்கள். உள்ளே விளிம்பை ஒட்டிப் பாலம் போல் ஒரு தடுப்பு, அதில் சின்னத் திறப்பு. மீசை பாலத்தின் மேல் உட்காரும், டீ திறப்பு வழியாக வரும். எங்கள் சாமான் அறையில் ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி அனுப்புகிறேன். இது நிஜமாகவே உதவும்.

லீவுதான் கிடைக்கவில்லை. புது விலைப்பட்டியல் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி

22-6-1991

தம்பிக்கு,

கோப்பை உடையாமல் வந்தது. டீ ஊற்றிக் கொடுத்தேன். அப்பா தூக்கினார், தடுப்பு வாய்க்கு வராமல் எதிர்ப்பக்கம் நின்றது. அதைத் தன் பக்கம் திருப்ப மணிக்கட்டை முறுக்கினார். டீ முழுக்கச் சட்டையில்.

சட்டையை மாற்றிவிட்டுக் கோப்பையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது வலக்கையால் குடிப்பவர்களுக்குச் செய்தது. அப்பாவுக்கு விழுந்ததே வலக்கைதான். ஏழு மாதமாகிறது. எந்தக் கை என்றுகூட உனக்குத் தெரியாது.

சொல்ல வேண்டாம் என்றிருந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஜூலை ஒன்பதாம் தேதி ஆபரேஷன். கண்ணாடிக் கடையில் லீவு சொல்லியாயிற்று. அப்பாவோடு இருக்கத்தான் ஆள் இல்லை. மாடிவீட்டு டெய்லரம்மா எட்டிப் பார்ப்பாள், அவளுக்கே எழுபது வயது. முன்பே சொல்லியிருந்தால் எனக்கும் ஏதாவது கருவி அனுப்பியிருப்பாய்.

வருவதானால் வா. இல்லையென்றால் அதையாவது ஒரு வரி எழுது.

அக்கா

29-6-1991

அக்கா,

இடக்கை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் பார்த்தது எதிரே நின்று.

நவம்பரில் உன் தந்தி கிடைத்த அன்றே வந்தேன். வார்டு வாசலில் நின்றேன். கட்டிலின் கால்மாடு என் பக்கம் இருந்தது. நீ அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு இடப்பக்கமாக ஒரு கை துவண்டு கிடந்தது. வளைவில் பஸ்ஸை அநாயாசமாகத் திருப்பிய கை. உள்ளே வராமல் அங்கேயே நின்றேன். நர்ஸ் வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். "வார்டு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்துதான் சாமான் அனுப்புகிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு மாதம் லீவு கேட்டேன். முதலாளி, "அப்போ விலைப்பட்டியல்?" என்றார். "நீங்களே எழுதிக்குங்க" என்றேன். ஏழாம் தேதி காலை அங்கே இருப்பேன்.

தம்பி

12-7-1991
ஆஸ்பத்திரி

தம்பிக்கு,

டெய்லரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கட்டியை எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். தையல் இழுக்கிறது.

நேற்று அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வந்து என் கட்டில் பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாயே, அப்போதே திட்டியிருப்பேன், குரல் வரவில்லை. அது அவருடைய மாத்திரை நேரம். மதியத்துக்குப் பச்சை, ராத்திரிக்கு வெள்ளை. மாற்றிவிடாதே.

நவம்பரில் திரும்பிப் போனதை நான் மன்னிக்கவில்லை. ஓர் எட்டு உள்ளே வைத்திருந்தால் அன்றைக்கு நான் ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன். அதை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன்.

டெய்லரம்மா ஒன்று சொன்னாள். காலையில் குளிப்பாட்டும்போது அப்பாவின் கண்ணில் சோப்பு விட்டுவிட்டாயாமே. அவர் உன்னைத் திட்டியது மாடிவரை கேட்டதாம். "வாய் குழறுச்சு, ஆனா மனுஷன் நிறுத்தவே இல்ல" என்கிறாள். எட்டு மாதமாக என்னிடம் "ம்", "வேணாம்" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்டால் அவள் வெட்கப்படுகிறாள்.

நீ எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுதி, அவளிடமே கொடுத்தனுப்பு.

அக்கா