ஆறாவது கோட்டு

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் எதையாவது சாப்பிடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், காகிதத்திடம் உன் பாச்சா பலிக்காது.

முதலில் என் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ அங்கே வேலைக்குப் போனதிலிருந்து வருஷா வருஷம் பண்டிகைக்கு எனக்கு ஒரு கோட்டு அனுப்புகிறாய், நானும் அதைப் போட்டுப் படம் எடுத்து, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று பதில் போடுகிறேன். அதில் ஒன்றுகூட எனக்குச் சேரவில்லையடா. நீ கிளம்பியபோது நான் இருந்த அளவையே மனதில் வைத்து வாங்குகிறாய், நானோ வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போகிறேன். துணிக்கடை மாடியில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாக ஊரார் உடுப்பைப் பிரித்துத் தைக்கிறவளுக்கு இது பெரிய வேலையா? பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருக்கும் துணியை வெளியே விட்டு, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். போன வருஷம் அப்படியும் போதவில்லை, முதுகுத் தையலை முழுக்கத் திறந்துவிட்டேன். படத்தில் அப்பா ஏன் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிக்கிறார் என்று கேட்டாயே, கோட்டு நழுவாமல் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். உன் மனசு சங்கடப்படுமே என்றுதான் சொல்லவில்லை. நான் மறைத்ததால், இங்கே இல்லாத ஒருத்திக்கு நீ இத்தனை வருஷமாகக் கோட்டு வாங்கிக்கொண்டிருந்தாய், தப்பு என்னுடையதுதான்.

இந்த வருஷம் வந்த ஆறாவது கோட்டு எல்லாவற்றிலும் உசத்தி. தையலுக்குள் ஒரு விரல் அகலத் துணிகூட விடவில்லை, பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருக்கிறது, தூக்கிப் பார்த்தால் பையே இல்லை. படம் எடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். ஏதோ பெரிய கடைக்குள் நின்றாய், பாட்டுச் சத்தம் காதைப் பிய்த்தது. அப்பாவுக்குப் பெரிய டிவி வாங்கப் போகிறேன், அடுத்த மாதம் வரும் நீண்ட லீவிலும் கூடுதல் ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன் என்றாய். உனக்கு என்னப்பா வாங்கினே என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரமா சுத்துறேம்மா, எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலை" என்றாய். உடனே சிரித்து மழுப்பினாய், நானும் நம்பின மாதிரி வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், பண்டிகைக்கு முந்தின நாள் லீவு கேட்டேன். எங்கள் கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாள் அது, அன்றைக்கு நான் லீவு எடுத்ததே இல்லை, "உடம்புக்கு என்னம்மா?" என்று மனுஷர் பதறிப்போனார். லீவன்று காலையில் அப்பா எதிரே உட்கார்ந்து, "என்ன வேணும் சொல்லு, போய் வாங்கிட்டு வரேன்" என்றார். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. உன் வியாதி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. சும்மா இருக்க முடியாமல் இஞ்சு டேப்பை எடுத்து என்னையே அளந்தேன். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம், என்னுடையது தெரியாது. வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்பா மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வீட்டில் கிடந்த துணியில் அதே அளவுக்கு ஒரு கவுன் தைத்தேன், இரண்டு பக்கமும் முழங்கை வரை உள்ளே போகிற பாக்கெட். தைக்கும்போது பாட்டு முணுமுணுத்தேனாம், அப்பா சொல்கிறார். தையலே எனக்குப் பிடிக்காது, வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கவுண்டரில் ஆள் நின்று அவசரப்படுத்துவதைத்தான் நான் வெறுத்திருக்கிறேன், இது தெரிய ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது. பண்டிகையன்று அந்தக் கவுனோடு, ஒரு பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடியும் இன்னொன்றில் வறுத்த கடலையுமாக, அப்பாவோடு கடைத்தெரு முழுக்க நடந்தேன். எல்லாக் கடையிலும் விளக்கு, தள்ளுபடிப் பலகை, ஒன்றிலும் நுழையத் தோன்றவில்லை. மனசு நிறைந்திருந்தது கண்ணா. இதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், அந்த ஒரு வார்த்தையை நீ மறைக்காமல் சொல்லியிருக்காவிட்டால் ஆறாவது கோட்டுக்கும் முதுகைத் திறந்துகொண்டு சிரித்திருப்பேன். பழைய கோட்டுகளுக்கும் நன்றி, எத்தனையோ குளிரை அவை தாங்கின.

டிவி வேண்டாம். பழைய டிவியிலேயே அப்பா செய்தி வாசிப்பவரோடு போடும் சண்டை தெருமுனை வரை கேட்கிறது. அந்த ஷிஃப்ட் வேண்டாமென்று சொல்லிவிடு. ஒரு நாள் எதுவும் வாங்காமல் சும்மா இருந்து பார், முதலில் எரிச்சல்தான் வரும், பயப்படாதே. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டாய், ஞாபகத்துக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்கு உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், உன் பழைய அளவை வைத்து நானும் தைக்கக் கூடாது.

நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும், அப்பாவும் நானும் நினைக்கிறது அது ஒன்றுதான். இதோடு என் இஞ்சு டேப்பை வைத்திருக்கிறேன். முதல் இரண்டு இஞ்சு தேய்ந்து எண்ணே தெரியாது, இரண்டில் வைத்து அளந்து, வருவதில் இரண்டைக் கழித்துக்கொள். உனக்கு ஒரு சட்டை தைக்கப் போகிறேன், அவசரமே இல்லாமல். கழுத்து, மார்பு, இடுப்பு மூன்றையும் அளந்து எழுது. கை நீளத்தை மட்டும் யாராலும் தனியாகச் சரியாக அளக்க முடியாது, தோளில் இன்னொருவர் டேப்பைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விடு. லீவுக்கு வா, நான் பிடிக்கிறேன்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா