வெட்டி எடுத்த முதல் பாதி

ஜூன் 4, புதன்

இன்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒருவர் பிரஷர் மாத்திரையைத் திருப்பி நீட்டினார். “இது கிட்னியைக் காலி பண்ணிடுமாமே மேடம்?” பிரஷரைக் கட்டுக்குள் வைக்காவிட்டால்தான் கிட்னி போகும் என்று கரடியாய்க் கத்தினேன். எனக்குப் பின்னால் கூரை வரை மருந்து, அவர் கையில் ஒரு போன். போன்தான் ஜெயித்தது.

மாலையில் அதையே வீடியோவாகப் போட்டேன். வழக்கம்போல முதலில் வெள்ளைக் கோட்டோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பொய்யை நிஜம் போலவே சொன்னேன். அப்போதுதான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். பிறகு சிரித்து, “நம்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

அக்கா என் வீடியோ எதையும் பார்ப்பதில்லை. “நேர்லயே காது வலிக்கப் பேசுற. அதை போன்ல வேற பாக்கணுமா?” என்பாள். ஆனால் ஊரெல்லாம், “உடம்பு விஷயத்துல என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்” என்று சொல்லிக்கொண்டு திரிவாள். டாக்டர் சொல்லியும் கேட்காதவள், நான் சொன்ன பிறகுதான் பிரஷர் மாத்திரையைத் தொட்டாள்.

ஜூன் 9, திங்கள்

ஸ்டோரில் கூட வேலை செய்பவர் போனை நீட்டினார். என் வீடியோ. முதல் பாதி மட்டும். சிரிப்புக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். கீழே ‘ஆஸ்பத்திரி மருந்தாளுநரே ஒப்புக்கொண்ட உண்மை!’ என்று ஒரு வரி. எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அவர்களுக்கு வேலையே வைக்கவில்லை நான். வசனம், முகம், கோட்டு எல்லாம் நானே கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நிர்வாக அதிகாரி கூப்பிட்டு, “மறுப்பு ஒண்ணு போட்டுடுங்க” என்றார். வாசகத்தையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நேற்று ராத்திரி பூராவும் அழுததில் கண் வீங்கிப்போயிருந்தது. அப்படியே கேமரா முன்னால் நின்று வாசித்தேன்.

கீழே முதல் கருத்து, ‘உண்மை விளம்பி’ என்ற பெயரில்: “பாவம் இந்தப் பொண்ணு. வேலையைக் காட்டி மிரட்டியிருக்காங்க. கண்ணைப் பாருங்க.”

என் கண்ணே அவனுக்குச் சாட்சி!

ஜூன் 12, வியாழன்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஜூன் 15, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். “நீ சொன்னதைப் பாத்த அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன்டி. முன்னாடியே சொல்லக் கூடாதா?” யாரோ அனுப்பிய அந்த வெட்டின துண்டைப் பார்த்திருக்கிறாள். வாழ்நாளில் அவள் பார்த்த என் ஒரே வீடியோ!

கத்தினேன். அது பாதிதான் அக்கா, வெட்டியிருக்கான், மாத்திரையை இப்பவே போடு என்றேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரி சரி, புரியுது. போன்ல இதெல்லாம் வேணாம் விடு. போட்டுக்கிறேன்” என்றாள்.

போனில் என்ன வேண்டாமாம்? போகட்டும், போட்டுக்கொள்கிறேன் என்றாளே. இந்த வாரத்தில் இன்றுதான் சோறு இறங்கியது.

ஜூன் 28, சனி

அக்கா விழுந்துவிட்டாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். வலது கை, வலது கால் – அசையவில்லை. பேச்சு வரவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்கிறார்கள். மாத்திரை போட்டாளே? போட்டாள்தானே? கடவுளே, என் அக்காவை விட்டுடு.

ஜூன் 29, ஞாயிறு

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் அத்தான்.

“மாத்திரையைச் சரியாப் போட்டுட்டு இருந்தாளா அத்தான்?”

“நீதானேம்மா வேணாம்னே.”

“போடச் சொல்லி போன்ல கத்தினேனே!”

“அது நீ ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் பயந்து சொன்னதுன்னு அவ சொன்னா. அழுத கண்ணோட நீ பேசினதையும் காட்டினாங்க யாரோ. ‘போனை ஒட்டுக் கேப்பாங்க, அவ வேலைக்கு உலை வைக்கக் கூடாது, நாம சரின்னு சொல்லிடுவோம்’னா.”

என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். என் வேலையை. அத்தான் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர், “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

ஜூலை 7, திங்கள்

வேலைக்குப் போனேன். ஜன்னலில் ஓர் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “தைரியமா உண்மையைச் சொன்னது நீங்கதானே?”

இல்லம்மா, அது பொய், அதை நம்பித்தான் என் கூடப் பிறந்தவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர், என் தலைக்கு மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். “புரியுது. சொல்ல வேணாம். நீங்க நல்லா இருக்கணும்.”

இனி நான் எதைச் சொன்னாலும் யாருக்கோ பயந்து சொல்வதுதான். வாயிருந்தும் ஊமை. நான் போட்டிருந்த வீடியோக்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அந்தப் பாதியை மட்டும் என்னால் அழிக்க முடியாது. அது ஊர் சொத்து.

ஜூலை 20, ஞாயிறு

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஹாலில் கட்டில். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர். என் போனில் மிச்சமிருந்த முழு வீடியோவைக் கையில் பிடித்துக் காட்டினேன். கடைசி வரை பார்த்தாள். என் சிரிப்பு வந்த இடத்தில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரி மிரட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை என்று. இடது கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

மாத்திரை நேரம் வந்தது. நான்தான் உறையிலிருந்து பிரித்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் திறந்தாள்.